மூத்த மகனுக்குக் காணி வருமா? வட்டக்கச்சிக்குத் திரும்ப நினைக்கும் ஒரு அண்ணாவுக்கு

கேள்வி: எனக்கு வயது 63. சொந்த ஊர் கிளிநொச்சி வட்டக்கச்சி. 29 வருடமாக ஸ்காபரோவில் இருக்கிறோம், கனடியக் குடியுரிமை எடுத்துவிட்டோம். அப்பாவுக்குக் குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த 3 ஏக்கர் வயலும் 1 ஏக்கர் மேட்டுக்காணியும் ஊரில் இருக்கின்றன. பெர்மிட் அப்பாவின் பெயரில். அப்பா 2001இலும் அம்மா 2011இலும் காலமானார்கள். காணியில் இருந்த தம்பியும் 2019இல் மாரடைப்பால் போய்விட்டான். இப்போது அவனுடைய மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். போன வருடம் வற்றாப்பளை அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கலுக்கு வந்து 3 கிழமை நின்றேன். இனி இங்கேதான் என்று மனம் சொல்லிவிட்டது. இங்குள்ள வீட்டை விற்று, அப்பாவின் மேட்டுக்காணியில் வீடு கட்டி, மனைவியோடு வந்துவிட யோசிக்கிறேன். மூத்த மகன் என்றபடியால் காணி சட்டப்படி எனக்குத்தான் என்கிறார் நண்பர் ஒருவர். தம்பி குடும்பத்துக்கு ஒரு பகுதியைக் கொடுக்க நான் தயார். மனைவிக்கு அரை மனது. எனக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது?

பதில்:

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் வாசித்தபோது சந்தோஷமாக இருந்தது. பூட்டிக் கிடக்கும் வீடுகளைத் தாண்டித் தாண்டித்தான் நான் ஒவ்வொரு நாளும் வேலைக்கு வருகிறேன். ஒருவர் திரும்பி வருகிறேன் என்று எழுதினால் எனக்கு அது நல்ல செய்திதான். இரண்டாம் தரம் வாசிக்கும்போது ஒரு வரியில் மனம் நின்றுவிட்டது. "தம்பி குடும்பத்துக்கு ஒரு பகுதியைக் கொடுக்க நான் தயார்" என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல மனதோடுதான் எழுதினீர்கள், தெரிகிறது. ஆனால் கொடுக்கிற இடத்தில் நீங்கள் இருக்கிறீர்களா என்பதை முதலில் பார்க்க வேண்டும். வீடு, காசு, மருந்து எல்லாம் அதற்குப் பிறகு.

உங்கள் அப்பாவின் காணி பரம்பரையாக வந்த முதுசக் காணி அல்ல, பெர்மிட் காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ், இருந்து பயிர் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு அரசு கொடுத்தது. இப்படியான காணிக்குப் பின்னுரித்து, அதாவது அடுத்த உரிமை, எப்படிப் போகும் என்பதை அந்தச் சட்டமே சொல்கிறது. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையோ வேறு எந்த முதுசச் சட்டமோ அதில் நுழைய முடியாது. பிள்ளைகள் எல்லோருக்கும் சமபங்கு என்ற கதையும் இங்கே இல்லை. அப்பா போன பிறகு காணி அம்மாவின் சீவிய காலத்துக்கு அம்மாவிடம் இருந்திருக்கும். அம்மாவுக்குப் பிறகு யார் என்பது, அப்பா யாரையாவது பின்னுரித்தாளராகப் பெயர் குறித்துவிட்டுப் போனாரா என்பதைப் பொறுத்தது.

உங்கள் நண்பர் சொன்னது முழுப் பொய்யில்லை. பெயர் குறிக்காமல் போனால் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் உள்ள வரிசைப்படி காணி போகும். அந்த வரிசையில் முன்பு பெண்பிள்ளைகளுக்கு முன்னால் ஆண்பிள்ளைகள், இளையவர்களுக்கு முன்னால் மூத்தவர் என்று இருந்தது. ஆண்களுக்கு இருந்த அந்த முன்னுரிமையை 2022இல்தான் எடுத்தார்கள். உங்கள் அம்மா காலமானது 2011இல். ஆகவே அட்டவணையை மட்டும் விரித்துவைத்துப் பார்த்தால் மூத்த மகன் என்ற சொல் உங்கள் பக்கம்தான் விழும்.

ஆனால் அப்பா தம்பியின் பெயரைக் குறித்திருந்தால் கதை அங்கேயே முடிந்தது. தம்பி காணியிலேயே இருந்தவர், அவருக்குப் பிறகு அவருடைய மனைவி. உங்கள் பெயரைக் குறித்திருந்தாலும் சிக்கல்தான். பெயர் குறிக்கப்பட்டவர், வாழ்க்கைத்துணையின் காலத்துக்குப் பிறகு 6 மாதத்துக்குள் காணியைப் பொறுப்பேற்க வேண்டும், இல்லாவிட்டால் உரிமை விட்டுப்போகும். 2011இல் நீங்கள் ஸ்காபரோவில். யார் பெயரும் குறிக்கவில்லை என்றால் பிரதேச செயலகத்தில் விசாரணை வரும். அங்கே காணியில் யார் இருக்கிறார், யார் பயிர் செய்கிறார், யார் இலங்கைக் குடிமகன் என்றுதான் கேட்பார்கள். கனடியக் குடியுரிமை எடுத்த நாளிலேயே உங்கள் இலங்கைக் குடியுரிமை இல்லாமல் போயிற்று, அண்ணா. வெளிநாட்டுப் பாஸ்போட்டோடு பெர்மிட் காணி கேட்டு அந்த மேசைக்கு முன்னால் போய் நிற்பது நல்ல தொடக்கம் அல்ல.

இன்னொன்றும் இருக்கிறது. பாதியைப் பிரித்து எடுக்கிறேன், மிச்சத்தை அவர்கள் வைத்திருக்கட்டும் என்பதும் நினைத்தபடி நடக்காது. எவ்வளவுக்குக் கீழே துண்டாடக் கூடாது என்று பெர்மிட்டிலேயே ஓர் அளவு இருக்கும். அனுமதி இல்லாமல் விற்கவும் முடியாது, ஈடு வைக்கவும் முடியாது. வேலிக்கு இந்தப் பக்கம் உங்களுக்கு, அந்தப் பக்கம் தம்பியின் மனைவிக்கு, உங்கள் மச்சாளுக்கு என்று வாயால் பேசி, நீங்கள் கனடாக் காசில் ஒரு வீடும் கட்டிவிட்டால், அந்த வீடு நிற்கிற நிலம் சட்டத்தில் உங்களுடையதாக இருக்காது. நாளைக்குத் தம்பியின் பிள்ளைகள் கலியாணம் முடித்து, அவர்களுக்கும் வீடு தேவைப்பட்டால் அந்த வாய்ப்பேச்சை யார் காப்பாற்றுவார்?

இதற்குள் ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். ஆளை அடையாளம் தெரியாதபடிதான் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஓர் அம்மா என் கந்தோருக்கு வந்தார். கதிரையில் நுனியில் இருந்தார். மடியிலிருந்து ஒரு சொப்பிங் பையை எடுத்தார், அதற்குள் இன்னொரு பை, அதற்குள் ஒரு பிள்ளையின் பழைய சட்டைத்துணி, அந்தத் துணிக்குள் நாலாக மடித்த ஒரு பெர்மிட். மடிப்புகள் கிழிந்து, ஒரு மூலையில் சேறு காய்ந்து மண்ணிறமாய் இருந்தது. போரின் கடைசி மாதங்களில் மாத்தளனில் பங்கருக்குள் தண்ணீர் ஏறியபோது நனைந்ததாம். இடுப்பில் கட்டிக்கொண்டே ஒவ்வொரு இடமாய் ஓடி, மெனிக் பாம் முகாமில் கூடாரத்துக்குள் வெயிலில் பிடித்துக் காயவைத்தாராம். "வெளியால இருக்கிற பெரியத்தான் காணி கேக்கிறார் பிள்ளை, குடுக்கத்தான் வேணுமோ?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அந்தத் தாளைத் திரும்ப அதே மடிப்பில் மடிக்கத் தொடங்கினார். நான் மேசையில் வைக்கச் சொல்லியும் வைக்கவில்லை.

உங்கள் மச்சாள் இந்த அம்மா அல்ல. ஆனால் 2009இல் அவரும் அந்தப் பாதையால்தான் போயிருப்பார். முகாமிலிருந்து திரும்பி வந்தபோது காணியில் வீடு இருந்திருக்காது, வேலி இருந்திருக்காது, கிணற்றுக்குள் என்ன கிடந்தது என்று அவருக்குத்தான் தெரியும். வீட்டுத்திட்டத்தில் 550,000 ரூபா கிடைத்த சனங்கள்கூட அந்தக் காசோடு கடனும் வாங்கித்தான் கூரை போட்டு முடித்தார்கள். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து தாழ்ந்த ஊர்களெல்லாம் வெள்ளத்தில் நின்றபோதும் இவர்கள்தான் அங்கே இருந்தார்கள். இதையெல்லாம் நீங்கள் அறியாதவர் அல்ல, அந்தக் காலத்தில் நீங்கள் அனுப்பிய காசும் அந்தக் கூரையில் இருக்கும். என்றாலும் ஒரு சட்டத்தரணியாக உங்களுக்கு நேரே சொல்கிறேன்: மூத்த மகன் உரிமை என்று இந்தக் காணிக்கு ஒரு விண்ணப்பம் எழுதித்தரச் சொன்னால் நான் எழுத மாட்டேன். எழுதுகிறவர்கள் இருப்பார்கள். விசாரணை வருடக்கணக்கில் இழுக்கும், அந்த வருடங்களில் நீங்கள் வட்டக்கச்சி றோட்டால் போகும்போது ஊர் தலையைத் திருப்பிக்கொள்ளும். நீங்கள் திரும்பி வர நினைத்தது அந்த ஊருக்கு அல்லவே.

நான் சொல்லும் வழி வேறு. மச்சாளின் பெயருக்கு அந்தக் காணி ஒழுங்காக வரட்டும், அதற்கு நீங்களே துணை நில்லுங்கள். பிரதேச செயலகத்தில் காணிக் கிளை இருக்கிறது. அங்கே காணிப் பேரேட்டில் உங்கள் அப்பாவின் பெயருக்கு நேரே பின்னுரித்துப் பதிவு இருக்கிறதா, இடையில் பெர்மிட்டுக்குப் பதிலாக அரசு கொடுக்கும் அளிப்புப் பத்திரம் ஏதும் கொடுத்திருக்கிறார்களா என்று மச்சாள் போய்ப் பார்க்கலாம். மூன்று மரணச் சான்றிதழும், அப்பா அம்மாவின் விவாகப் பதிவும், தம்பியின் விவாகப் பதிவும் கையில் வேண்டும். மூத்த மகனுக்கு ஆட்சேபம் இல்லை என்று உங்கள் சத்தியக்கடதாசி ஒன்று இருந்தால் விசாரணையில் அவருக்கு அது எவ்வளவு பெரிய உதவி தெரியுமா? பல குடும்பங்களில் வெளிநாட்டில் இருக்கிற ஒருவரின் கையெழுத்து வராததால்தான் கோப்பு அப்படியே கிடக்கிறது.

சரி, அப்படியென்றால் உங்களுக்கு வீடு எங்கே? அதே ஊரில், அல்லது கிளிநொச்சி டவுனுக்குக் கிட்ட, ஓர் உறுதிக் காணி, அதாவது உறுதிப் பத்திரம் எழுதிய தனியார் காணி, வாங்குங்கள். அரை ஏக்கர்கூட வேண்டாம், 2 பரப்பு போதும். 63 வயதில் 1 ஏக்கர் மேட்டுக்காணியைக் கூட்டிப் பெருக்க ஆள் தேட வேண்டாம். ஆனால் இன்றைக்கே வாங்கவும் முடியாது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் இலங்கையில் காணி வாங்க முடியாது, உங்களைப் போல இங்கே பிறந்து வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்தவருக்கும் அதுதான். இரட்டைக் குடியுரிமை இருந்தால் அந்தத் தடை இல்லை. ஆகவே முதல் விண்ணப்பம் இரட்டைக் குடியுரிமைக்கு. 55 வயதுக்கு மேற்பட்டவர் என்ற பிரிவிலேயே நீங்கள் விண்ணப்பிக்கலாம். ரொறன்ரோவில் இருக்கும் இலங்கைத் துணைத் தூதரகத்தில் கேளுங்கள். பிறப்புச் சான்றிதழ், பழைய பாஸ்போட், கனடிய பொலிஸ் சான்றிதழ் எல்லாம் கேட்பார்கள். பெயர் எழுத்தில் ஒரு தாளில் ஒன்று, இன்னொரு தாளில் இன்னொன்று என்று இருந்தால் அதை இப்போதே திருத்த முயலுங்கள், அதில்தான் மாதங்கள் போகும். மனைவிக்கும் தனியாக விண்ணப்பியுங்கள். உங்களுக்கு ஒன்று நடந்துவிட்டால், அவர் இங்கே விசா நீடிக்க அலைகிற நிலை வரக் கூடாது.

அது கைக்கு வரும்வரை ஒரு சொந்தக்காரர் பெயரில் வாங்கி வைப்போம் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நல்ல சொந்தக்காரர் என்றாலும் செய்யாதீர்கள். நல்லவர் திடீரென்று செத்துப்போனால் காணி அவருடைய பிள்ளைகளுக்குப் போகும், அந்தப் பிள்ளைகளுக்கு உங்களைத் தெரியாது. எனக்குத் தெரிந்து ஒருவர் 11 வருடம் காசு அனுப்பிக் கட்டிய வீட்டுக்கே, கடைசியில் திறப்புக் கேட்டு வழக்குப் போட்டார். எழுத்தில் எதுவுமே இல்லை, இருந்தது வங்கியில் காசு அனுப்பிய துண்டுகள் மட்டும்.

உறுதிக் காணி பார்க்கும்போது சில விஷயங்களில் கண் வைத்திருங்கள். வன்னியில் உறுதி என்று காட்டுகிற எல்லாம் உறுதி அல்ல. நொத்தாரிசு முன் இரண்டு சாட்சியோடு எழுதாத கைச்சாத்துக்குக் காணி விஷயத்தில் பெறுமதி இல்லை. காணிப் பதிவகத்தில் 30 வருடத்துக்காவது பின்னோக்கித் தேடிப் பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். அனுமதி பெற்ற நில அளவையாளர் ஒருவரைக் கொண்டு அளப்பியுங்கள், பழைய வரைபடத்தை நம்பி அல்ல, நிலத்தில் இறங்கி. இடம்பெயர்ந்து திரும்பியபோது பழைய எல்லைக்கல்லும் வேலியும் காணாமல் போய், மரத்தையும் கிணற்றையும் வைத்து ஊகித்து வேலி போட்ட காணிகள் நிறைய. காட்டுக்கரையோரக் காணி என்றால் வனவளத் திணைக்களத்தின் எல்லைக்குள் வருகிறதா என்று கேளுங்கள். சனம் முன்பு இருந்து பயிர் செய்த இடங்களே பிறகு காடு என்று குறிக்கப்பட்டுக் கிடக்கின்றன. முகமாலைப் பக்கம் மலிவாய்க் காணி கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், கண்ணிவெடி அகற்றி முடித்துக் கையளித்த நிலமா என்று கேட்டுவிட்டு அடி வையுங்கள்.

பங்குக் காணி என்றால் பங்காளிகள் எல்லோரும் கையெழுத்து வைக்க வேண்டும். ஒருவர் நோர்வேயில், ஒருவர் எங்கே என்றே தெரியாது என்றால் அந்தக் காணி எவ்வளவு வடிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். அதேபோல, சொந்தக்காரர் வெளிநாட்டில், காணியில் வேறொரு குடும்பம் இருக்கிறது என்றாலும் யோசியுங்கள். 10 வருடம் தடையில்லாமல், சொந்தக்காரருக்கு எதிரான உரிமையோடு ஆண்டால் ஆட்சி உரிமை கேட்கலாம். கடல் கடந்து இருந்தவருக்குச் சட்டம் கொஞ்சம் சலுகை கொடுக்கிறது, ஆனால் 30 வருடம் தாண்டினால் அதுவும் உதவாது. போர்க்காலத்தில் வழக்குப் போட முடியாமல் போனவர்களுக்காக 2016இல் ஒரு தனிச்சட்டம் வந்தது, அது கொடுத்த 2 வருடத் தவணையும் எப்போதோ முடிந்துவிட்டது. மற்றவரின் கண்ணீர் உள்ள காணியில் குடியேறாதீர்கள், அண்ணா. அதை நொத்தாரிசாகவும் சொல்கிறேன், ஊர்க்காரியாகவும் சொல்கிறேன்.

அற்றோணித் தத்துவம், அதாவது உங்களுக்காக இன்னொருவர் கையெழுத்து வைக்கக் கொடுக்கும் அதிகாரம், பற்றி ஒரு சொல். இங்கே ஒருவருக்கு எழுதிக் கொடுக்கத்தான் வேண்டும் என்றால், இன்ன காணி, இன்ன வேலை என்று குறிப்பிட்டு எழுதுங்கள். "என் எல்லா ஆதனங்களையும் விற்க, ஈடுவைக்க" என்ற பொதுத் தத்துவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். என் மேசைக்கு வரும் சண்டைகளில் பாதி அந்த ஒரு வசனத்தில் தொடங்கியவை.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. நீங்கள் வந்து நின்றது வைகாசியில், 3 கிழமை. பொங்கல், சொந்தம், விருந்து. அந்த 3 கிழமையும் ஊர் உங்களை விருந்தாளியாக வைத்திருந்தது. விருந்தாளி என்ற பெயர் கழன்ற பிறகு எப்படி இருக்கும் என்று பார்க்காமல் ஸ்காபரோ வீட்டை விற்காதீர்கள். ஆடி கடைசியில் மனைவியோடு வாருங்கள், தைப்பொங்கல் முடித்துத் திரும்புங்கள். 5 மாதம். சுற்றுலா விசாவில் வந்து குடிவரவுத் திணைக்களத்தில் நீடித்துக்கொள்ளலாம். சொந்தக்காரர் வீட்டில் தங்காதீர்கள், ஒரு வீடு வாடகைக்கு எடுங்கள். ஏனென்றால் அரிசி எங்கே வாங்குவது, காஸ் முடிந்தால் யாருக்குப் போன் எடுப்பது, கிணற்று மோட்டர் எரிந்தால் யார் வருவார் என்பதெல்லாம் சொந்தக்காரர் வீட்டில் இருந்தால் உங்களுக்குத் தெரியவராது.

ஏன் இந்த 5 மாதம் என்றால், வன்னியின் இரண்டு முகமும் அதற்குள் தெரியும். ஆவணியில் வெயில் என்ன செய்யும், குளம் எப்படி வற்றும், கிணற்றுத் தண்ணீர் எவ்வளவு கீழே போகும் என்று பாருங்கள். ஐப்பசியில் மழை தொடங்கும், காலபோகம் விதைத்து வயல் பச்சையாகும், கார்த்திகை மார்கழியில் றோட்டு வெள்ளத்தில் மறையும், நுளம்பு வரும், இரண்டு நாள் கரண்ட் இருக்காது. தையில் புதுநெல்லில் புதிர் எடுத்துப் பொங்கும்போது அந்தப் பச்சரிசி யாருடைய வயலில் விளைந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த 5 மாதமும் ஊர்ச் செத்தவீட்டுக்குப் போங்கள். மரண சகாய சங்கத்தில் சேர்ந்து சந்தா கட்டுங்கள். கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் பின்வரிசையில் இருந்து, அடுத்த போகத்துக்கு எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் என்று அவர்கள் பேசுவதைக் கேளுங்கள். மேடைக்குக் கூப்பிட்டால் இந்த ஒரு தரம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

5 மாதம் என்று சொன்னதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒன்ராறியோ மாகாணத்தின் சுகாதாரக் காப்புறுதி தொடர வேண்டுமானால் 12 மாதத்தில் 153 நாளாவது அங்கே இருக்க வேண்டும். 5 மாதம் வெளியே நின்றால் அது பறிபோகாது. நிரந்தரமாக வந்துவிட்டால் போகும், அதற்குத் தயாராக வேண்டும்.

காசு விஷயத்தில் கனடாப் பக்கத்துக்கு அங்குள்ள கணக்காளரிடம் கட்டாயம் போங்கள். குறிப்பாக, வதிவிடத்தை விட்டு வெளியேறுகிற வருடத்துக்கான வரி, வீட்டை அதற்கு முன் விற்பதா பின் விற்பதா என்பவை அவருடைய வேலை. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். முதியோர் பாதுகாப்பு உதவிப் பணத்தை இலங்கையில் இருந்துகொண்டு எடுக்க, 18 வயதுக்குப் பிறகு கனடாவில் 20 வருடமாவது வாழ்ந்திருக்க வேண்டும். உங்களுக்கு 29 வருடம், ஆகவே 65இல் கிடைக்கும். 40 வருடம் இருந்தவருக்குத்தான் முழுத்தொகை, உங்களுக்கு அதில் 40க்கு 29 பங்கு. குறைந்த வருமானக்காரருக்குக் கொடுக்கிற மேலதிகத் தொகை மட்டும் 6 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் நின்றுவிடும், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வேலை செய்து கட்டிய கனடா ஓய்வூதியத் திட்டப் பணம் எங்கே இருந்தாலும் வரும். மனைவிக்கும் இதே கணக்கைத் தனியாகப் போட்டுப் பாருங்கள், அவர் எத்தனை வருடம் அங்கே என்று நீங்கள் எழுதவில்லை.

இங்கே காணி வாங்க, வீடு கட்டக் கொண்டுவருகிற காசை, உள்முக முதலீட்டுக் கணக்கு என்று வங்கியில் ஒன்று திறந்து அதனூடாகக் கொண்டுவாருங்கள். நாளைக்கு விற்றுவிட்டுத் திரும்ப நேர்ந்தால், காசை வெளியே எடுக்க அந்தக் கணக்கின் தடம்தான் உதவும். வங்கி இல்லாமல் உண்டியல் ஆட்கள் மூலம் கொண்டுவந்த காசுக்குத் தடமே இல்லை. ஸ்காபரோ வீட்டை முதல் இரண்டு வருடமாவது வாடகைக்கு விடுங்கள். 2022இல் பெற்றோலுக்கும் காஸுக்கும் நாங்கள் வரிசையில் நின்றோம், ரூபாவின் பெறுமதி சில கிழமையிலேயே விழுந்தது. எல்லாக் காசையும் ரூபாவாக மாற்றி வைத்திருந்தவர்கள் அன்றைக்குப் பட்ட பாட்டை நேரில் பார்த்தேன். மாதம் மாதம் டொலராக வருகிற கொஞ்சம், ஒரே தரத்தில் வந்த பெரிய தொகையைவிட உங்களைத் தாங்கும்.

இருதயம். ஸ்டென்ட் வைத்தவர் என்பதால் வீடு எங்கே என்பதை வைத்தியசாலையின் தூரமும் தீர்மானிக்க வேண்டும். கிளிநொச்சியில் மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது, அரச வைத்தியசாலையில் இலங்கைக் குடிமக்களிடம் பணம் கேட்க மாட்டார்கள். இருதயத்துக்கு யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குப் போக வேண்டிவரும், ஏ9 வீதியால் ஏறத்தாழ 65 கிலோமீற்றர். இரவு 2 மணிக்கு நெஞ்சு நோவந்தால் எந்த வாகனம், யார் ஓட்டுவார் என்பதற்குப் பதில் தெரியாமல் உள்ளுக்குள் தள்ளி வீடு கட்டாதீர்கள். டவுனுக்குக் கிட்ட என்றும் நான் சொன்னதற்கு அதுதான் காரணம். வரும்போது உங்கள் இருதய வைத்தியரிடம் மருந்தின் வணிகப் பெயரோடு மூலப்பெயரையும் எழுதி வாங்கி வாருங்கள், இங்கே அந்தப் பெயரில்தான் கேட்க வேண்டும். கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதற்கு முன் கடுமைக்கும் புளோரைட்டுக்கும் பரிசோதியுங்கள். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோயில் விழுந்த குடும்பங்களைப் பார்த்தவள் என்பதால் இதை வற்புறுத்துகிறேன்.

மனைவிக்கு அரை மனது என்று ஒரே ஒரு வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். அந்த மற்ற அரை மனது என்ன சொல்கிறது என்று கேட்டீர்களா? பேரப்பிள்ளையா, குளிர்ந்த வீட்டில் பழகிய உடம்பா, அல்லது உங்களுக்கு ஒன்று நடந்தால் இந்த ஊரில் தனியே நிற்க வேண்டும் என்ற பயமா? அவருடைய சொந்த ஊர் எது என்றும் எழுதவில்லை. உங்களுக்கு வட்டக்கச்சி பிறந்த மண், அவருக்கு அது புகுந்த வீடு, அதுவும் மாமியார் இல்லாத, மைத்துனர் இல்லாத வீடு. அந்த 5 மாதத்தில் அவருடைய நாட்கள் எப்படிப் போகின்றன என்பதை உங்கள் நாட்களைவிடக் கவனமாகப் பாருங்கள். அவர் வேண்டாம் என்றால், வருடத்தில் 5 மாதம் இங்கே, 7 மாதம் அங்கே என்று இருப்பதும் ஒரு வாழ்க்கைதான். அப்படி இருப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களை ஊர் குறைவாக மதிப்பதில்லை. அதற்கு வாடகை வீடே போதும், காணியே வாங்க வேண்டாம்.

இரட்டைக் குடியுரிமைப் படிவத்தை நிரப்புவதற்கு முன், இந்தச் சனி ஞாயிறில் மச்சாளுக்கு ஒரு போன் எடுங்கள். நீங்கள் திரும்பி வர யோசிப்பது அவருக்கு இதற்குள் வேறு யாராலோ தெரிந்திருக்கும், ஊர் அப்படித்தான். ஆகவே அவர் நித்திரையில்லாமல் இருக்கக்கூடும். "காணி உங்களுடையது, அதை உங்கள் பெயருக்கு எழுத நான் கையெழுத்து வைக்கிறேன், எனக்கு வாடகைக்கு ஒரு வீடு மட்டும் பார்த்து வையுங்கோ" என்று சொல்லுங்கள். பிறகு போனைப் பிள்ளைகளிடம் கொடுக்கச் சொல்லுங்கள். பெரியப்பா வரப்போகிறார் என்று அவர்களுக்கு உங்கள் வாயாலேயே தெரியட்டும்.